புரை இல்லை, போயிட்டு வா



“ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?” மருத்துவமனைகளில் நம் மக்கள் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்கிறவர் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி, “இவங்களுக்கெல்லாம் விழிப்புணர்வு கிடையாது சார்” என்று அவரே முடித்துவிடுவார். அந்த ‘இவங்க’ யார் என்று நமக்குத் தெரியும். அந்தப் பதில் பொய் என்பதும் தெரியும். ஒரு கண்ணை வைத்து அதைக் காட்டுகிறோம்.

ஆய்க்குடியில் எங்கள் தெருவில் ஓர் அத்தை. பெயர் வேண்டாம். நடவு இருந்தால் நடவு, இல்லாத நாளெல்லாம் பீடி. ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது கண்ணின் நடுவில் மட்டும் புகை போட்ட மாதிரி இருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. எதிரே நிற்பவரின் காது தெரிகிறது, மூக்கு தெரியவில்லை. புரையாக இருக்கும் என்று நினைத்து முகாம் வரட்டும் என்று காத்திருந்தார். முகாமும் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவர், “புரை இல்லம்மா, போயிட்டு வா” என்றார். வேறு என்ன இருக்கிறது, எங்கே போக வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. புரை இல்லை என்றால் கண் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

அதன்பின் பீடிக் கடையில் அவர் சுற்றிய பீடியைக் கழிக்க ஆரம்பித்தார்கள். சுற்று சரியில்லை, இலை வெட்டு சரியில்லை என்று. அப்போதுதான் எங்களிடம் சொன்னார். திருநெல்வேலிக்கு அழைத்துப் போனோம். அது ஐந்தாவது மாதம். ரத்த அழுத்தம் எகிறி நின்றது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும். ஸ்கேன் எடுத்த விழித்திரை மருத்துவர் சொன்னார்: விழித்திரையின் சிரையில் அடைப்பு, நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது, மாதம் ஒரு ஊசி வீதம் ஆறு மாதம் கண்ணுக்குள் போட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை கேட்டார்: “எய்யா, ஒரே தடவையில ஆப்பரேசன் பண்ணி எடுத்துட மாட்டாவளா?”

நியாயமான கேள்வி. மருத்துவ உலகமே அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறது.

விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கே கடக்கும் இடங்களில் இரண்டுக்கும் ஒரே உறைதான். ரத்த அழுத்தத்தால் தமனி தடித்து இறுகினால் கூடவே கிடக்கும் சிரை நசுங்குகிறது. ரத்தம் தேங்கி உறைகிறது. (இந்த இடத்தில் சாதிக்கு உவமை சொல்லக் கை துறுதுறுக்கிறது. விட்டுவிடுவோம்.) வெளியேற வழியில்லாத நீர் கசிந்து, எழுத்தையும் முகத்தையும் பார்க்க உதவும் மையப்புள்ளியான மாக்குலாவில் தேங்குகிறது. அப்படியானால் அந்த உறையை அறுத்துச் சிரையை விடுவித்தால் என்ன? 1988இல் அமெரிக்காவில் ஆஸ்டர்லோ, சார்ல்ஸ் என்ற இருவர் அதைச் செய்து வெளியிட்டார்கள். மையச் சிரையே அடைபட்டவர்களுக்குப் பார்வை நரம்பின் விளிம்பில் கீறி இறுக்கத்தைத் தளர்த்தும் அறுவையை 2001இல் ஓப்ரம்சாக் முன்வைத்தார். சிலருக்கு வீக்கம் வடிந்தது, ஆனால் ஆபத்துக்கு ஈடான பலன் உறுதிப்படவில்லை. இரண்டும் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டன. லேசரின் கதையும் பாதிதான். கிளைச் சிரை அடைப்புக்கு அது உதவுகிறது என்று 1984இல் ஓர் ஆய்வு காட்டியது. மையச் சிரை அடைப்பில் பார்வை கூடவில்லை என்று 1995இல் இன்னொன்று காட்டியது. இன்று கண்ணுக்குள் ரத்தம் கசிந்து நிறைந்துவிட்டாலோ, உள்ளே சவ்வு பிடித்து இழுத்தாலோதான் அறுவைக்குப் போகிறார்கள். வீக்கத்துக்கு முதல் வைத்தியம் ஊசிதான்.

இனிச் சொல்வதை மாணவத் தோழர்கள் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். 2010இல் வெளியான ‘குரூஸ்’ ஆய்வில் மையச் சிரை அடைபட்டவர்களுக்கு ரானிபிசுமாப் ஊசி மாதந்தோறும் போட்டார்கள். இன்னொரு குழுவுக்குப் பொய் ஊசி. அதாவது ஊசியில்லாத குழலைக் கண்ணில் அழுத்திவிட்டு அனுப்புவது. ஆறு மாத முடிவில், முழு அளவு மருந்து பெற்றவர்கள் பார்வைப் பலகையில் சராசரியாகக் கிட்டத்தட்ட 15 எழுத்து கூடுதலாகப் படித்தார்கள். பொய் ஊசிக் குழுவுக்கு ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. அதன்பின் அந்தக் குழுவுக்கும் உண்மையான மருந்தைக் கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் முதல் குழு ஏறக்குறைய 14 எழுத்தில் நின்றது. தாமதமாகப் பெற்றவர்கள் 7 எழுத்தோடு நின்றுவிட்டார்கள். அதே மருந்துதான். ஆறு மாதம் பிந்தியதால் பலன் பாதியானது.

அந்தப் பொய் ஊசிக் குழுவில் இருந்தவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தெரிந்து சேர்ந்தவர்கள். நம் தெருக்கள் எந்தக் கையெழுத்தும் போடாமல் காலம் முழுக்க அந்தக் குழுவிலேயே இருக்கின்றன. ‘புரை இல்லை, போயிட்டு வா’ என்பது மருந்தில்லாத குழலை அழுத்தி அனுப்புவதிலிருந்து எந்த விதத்தில் வேறு?

முகாம்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புரை அறுவையால் இந்த மண்ணில் எத்தனையோ லட்சம் பேர் மீண்டும் உலகத்தைப் பார்த்தார்கள். எங்கள் தாத்தா பாட்டிமாரும் அதில் உண்டு. எங்கள் சண்டை வேறு. புரை ஒரே நாள் வேலை. எண்ணலாம், இலக்கு வைக்கலாம், பச்சைத் துணி கட்டியவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுக்கலாம். ஏழைக்குக் கண் வைத்தியம் என்றால் ஒரே நாளில் முடியும் தர்மம் என்று அரசும் பழகிவிட்டது, நாமும் பழகிவிட்டோம். “ஒரே தடவையில எடுத்துட மாட்டாவளா” என்ற கேள்வி அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. திரும்பத் திரும்ப வரச்சொல்லும் நோய் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்குவதில்லை.

திரும்பத் திரும்ப வருவது என்றால் என்ன என்று பாருங்கள். ஆய்க்குடியிலிருந்து தென்காசிவரை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பஸ்ஸில் டிக்கெட் உண்டு. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், துணைக்கு ஆள் வேண்டும். ஆக ஒரு ஊசிக்கு இரண்டு பேர் கூலி போகிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை மருத்துவமனையோடு கணக்குத் தீர்க்கும். போன கூலியை எந்த அட்டையும் தருவதில்லை. அத்தை இரண்டு ஊசி போட்டார். மூன்றாவது மாதம் நடவு வந்துவிட்டது. நான்காவது மாதம் அவரே எங்களிடம், “விடுங்கய்யா, இன்னொரு கண்ணு இருக்குல்லா” என்றார். இதில் விழிப்புணர்வுக் குறைவு எங்கே இருக்கிறது? எந்தக் கணக்குப் பிள்ளையும் போடுகிற கணக்கைத்தான் அவரும் போட்டார்.

மருந்து விலை என்பார்கள். குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப் மருந்தைச் சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவது பல மடங்கு மலிவு. 2013இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கண்ணுக்கான இன்றியமையாத மருந்துகளில் சேர்த்தது. சிரை அடைப்பில் அது ஆறு மாத அளவில் விலையுயர்ந்த அஃப்ளிபெர்செப்ட்டுக்குச் சளைத்ததில்லை என்று 2017இல் அமெரிக்காவின் ‘ஸ்கோர் 2’ சொன்னது. நீண்ட காலத்தில் சமம் என்று நிரூபிக்க முடியவில்லை என்று 2019இல் பிரிட்டனின் ‘லீவோ’ சொன்னது. அந்த விவாதம் நடக்கட்டும். ஒரு ஊசியும் கிடைக்காத கண்ணுக்கு இரண்டில் எதுவுமே பெரிய வரம். மருந்தைப் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் கண்ணே போகும் என்பதும் உண்மை. அதனால்தான் அரசு மருத்துவமனையே பொறுப்பேற்று, சுத்தமான அறையில் பிரித்துப் போட வேண்டும் என்கிறோம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஆய்க்குடி என்றால் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம்தான் நினைவுக்கு வரும். மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆனால் ஒரு கண் முழுதாகப் போய், இன்னொரு கண் நன்றாக இருந்தால் மத்திய அரசு வழிகாட்டுதல்படி குறைபாடு 30 சதவீதம்தான். சலுகைகளுக்கு 40 வேண்டும். அதாவது அத்தை மாற்றுத்திறனாளியும் இல்லை, பீடி சுற்றத் தோதான ஆளும் இல்லை. பீடித் தொழிலாளர் நலனுக்கென்று 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலித்த தனித் தீர்வையையும் 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுத்துவிட்டார்கள். தீர்வை போனதற்குப் போராடிய கட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தென்காசி 2019 நவம்பரிலேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது விழித்திரை மருத்துவர், ஸ்கேன், அங்கேயே ஊசி. ஊசி நாளுக்கு நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கூலி ஈடு. முகாமில் ‘புரை இல்லை’ என்று அனுப்பப்படுகிற ஒவ்வொருவர் கையிலும், பார்வை ஏன் மங்கியது, அடுத்து எங்கே போக வேண்டும் என்று எழுதிய ஒரு சீட்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல திட்டம். மாத்திரை தருபவர் ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் காலண்டர் தேதியைப் படிக்கச் சொன்னால் ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். இதை இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் செய்து பாருங்கள். மங்கல் தெரிந்தால் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள் மூன்று கேள்வி அனுப்புங்கள். உங்கள் மாவட்டத்தில் கடந்த ஆண்டு முகாம்களில் புரை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள்? அரசு மருத்துவமனையில் கண்ணுக்குள் எத்தனை ஊசி போடப்பட்டது? ஆய்க்குடியிலிருந்து எங்கள் மனு இந்த வாரம் போகிறது. அத்தைதான் முதல் கையெழுத்து. வலது கண்ணைப் பொத்தாமல் போட்டார்.