அறுபது நாள் பயிருக்குப் பட்டா எதற்கு?

மத்திய அரசு ஊழியருக்குத் தில்லியில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்பட்டதும் வீட்டில் எழும் முதல் சர்ச்சை மாடியா, தரைத்தளமா என்பதுதான். மாடி என்றால் கொசு குறைவு, திருட்டுப் பயம் குறைவு, வடாம் காயவைக்கக் கைக்கெட்டும் தூரத்தில் மொட்டைமாடி. தரைத்தளம் என்றால் வாசலில் ஒரு துண்டு மண். சரோஜினி நகரில் 2005இல் வீடு கிடைத்தபோது அந்தத் தமிழ்க் குடும்பம் தரைத்தளத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் மனைவியின் பிடிவாதம். மன்னார்குடிப் பக்கத்துப் பெண். முன்வாசலில் பதினைந்தடிக்கு இருபதடி நிலத்தைப் பார்த்த பிறகு சமையலறையைப் பார்க்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

கணவருக்கு உத்தியோகம் கிருஷி பவனில். விவசாய அமைச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவருக்குப் பீர்க்கங்கொடிக்கும் சுரைக்கொடிக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் இது நிரந்தர நகைச்சுவை. விவசாயம் பற்றி அவரிடம் எது கேட்டாலும், "அது வேறு செக்‌ஷன்" என்பார்.

2016 கோடை அந்த வீட்டில் அவர்களுக்குக் கடைசிக் கோடை. ஜூன் 30 அன்று அவர் ஓய்வு பெறுகிறார். அதன் பிறகு சில மாதங்கள்தான் வீட்டில் இருக்கலாம். துவாரகாவில் கூட்டுறவுச் சங்கம் மூலம் வாங்கிய ஆறாவது மாடி ஃபிளாட் தயாராக இருக்கிறது. மகள் லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் பிளஸ் டூவுக்குப் போகிறாள்.

பிப்ரவரி கடைசியில் மனைவி விதைப் பொட்டலங்களை எடுத்து வைத்தபோது கணவர் ஆட்சேபித்தார். "காலி பண்ணப் போகிற வீட்டில் யாராவது விதை போடுவார்களா?" மனைவி பதில் சொல்லவில்லை. எண்பது வயது மாமியார் சொன்னார்: "அறுபது நாளில் காய்க்கிறதுக்குப் பட்டா எதுக்குடா?"

விவகாரம் அத்தோடு முடிந்தது.

விதை பூசாவில் வாங்கியது. தில்லிவாசிகள் 'பூசா' என்று சுருக்கமாகக் குறிப்பிடும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் உண்மையில் பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்தது. 1934 பூகம்பத்தில் கட்டடங்கள் சேதமடைந்ததால் 1936இல் தில்லிக்கு வந்தது. ஊர் பீகாரிலேயே இருக்க, பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. அங்கு நடக்கும் விவசாயக் கண்காட்சியில் பெரிய விவசாயிகளோடு வரிசையில் நின்று வீட்டுத் தோட்டக்காரர்களும் விதை வாங்குவார்கள். மனைவி வாங்கியது 'பூசா நவீன்' சுரை. வீரிய ஒட்டு ரகம் அல்ல. ஆகவே கவனமாக இருந்தால் அதிலிருந்து விதை எடுத்து மறு வருடமும் போடலாம். அவர் அப்படித்தான் வருடா வருடம் செய்துவந்தார்.

ஹோலி முடிந்தால் தில்லியில் குளிர் விடைபெறும். மார்ச், ஏப்ரலில் வேம்பு இலை உதிர்க்கும். மற்றவர்கள் பெருக்கிக் கொளுத்தும் சருகை மனைவி சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். பாதி குழியில் எருவோடு மட்கும். மீதி செடிகளின் அடியில் மூடாக்கு. சித்திரை பிறக்கும்போது அதே வேம்பு பூக்கும். மாமியார் முறத்தில் வேப்பம்பூ சேகரிப்பார். வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் போக மீதியைக் காயவைத்து டப்பாவில் அடைத்தால் வருடம் முழுவதும் ரசத்துக்கு ஆகும். மூலையில் நிற்கும் கறிவேப்பிலை தில்லிக் குளிரில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாகிவிடும். செத்தது என்று வெட்டப் போனவர்கள் உண்டு. ஏப்ரலில் அது துளிர்த்தால்தான் அந்த வீட்டில் கோடை ஆரம்பம்.

ஏப்ரல் கடைசியில் சுரை பூத்தது. ஆனால் காய் பிடிக்கவில்லை. மனைவி கவலைப்படவில்லை, கவலைப்பட்டது மகள். பாடப் புத்தகத்தைப் புரட்டிக் காரணம் கண்டுபிடித்தாள். சுரைக் குடும்பத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் வருவது ஆண் பூ. வெயில் ஏறினால் ஆண் பூக்களின் எண்ணிக்கை கூடும். பெண் பூவைக் கண்டுபிடிப்பது எளிது: அதன் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். தாய்க்கு இதெல்லாம் வேறு விதமாகத் தெரியும். கொடி பந்தல் ஏறியதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் வரும்.

சுரைப் பூ வெள்ளை. சாயங்காலம் மலர்ந்து காலையில் வாடிவிடும். அந்திப் பூச்சிகள்தான் அதற்கு வேலையாட்கள். நகரத்தில் அவற்றை நம்பியிருக்க முடியாது. எனவே மாலை ஏழு மணிக்கு, மாடிவீட்டு டி.வி.யில் இந்தி சீரியல் அலறும் நேரத்தில், தாயும் மகளும் பந்தலடியில் நிற்பார்கள். ஆண் பூவைப் பறித்து, இதழைப் பின்னுக்கு மடித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுவார்கள். கெமிஸ்ட்ரி டியூஷன், தோழிகளின் சண்டை, அடுத்த வருடம் எந்தக் கல்லூரி என்று மகள் சாப்பாட்டு மேஜையில் சொல்லாதவை எல்லாம் பந்தலடியில் வெளிவந்தன.

மே மாதம் 'லூ' வீசும். மேற்கிலிருந்து வரும் அந்த அனல் காற்றில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. தண்ணீர் காலையும் மாலையும்தான் வரும். அரிசி கழுவிய நீர், காய்கறி கழுவிய நீர், கூலரை அலசி வடித்த நீர் எதுவும் சாக்கடைக்குப் போகவில்லை. பழைய நூல் புடவை ஒன்று மேற்குப் பக்கம் திரையானது. மத்தியானம் தண்ணீர் ஊற்ற மாமியார் அனுமதிக்க மாட்டார். "மண் சூடு ஆறட்டும்" என்பது கட்டளை.

வடாம் விஷயம் தனி. தரைத்தளத்தில் நாய்க்கும் அணிலுக்கும் பயந்து மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாளின் உபயத்தில் மொட்டைமாடியில் பிழிந்தார்கள். மூன்றாம் நாள் 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் வந்து ராஜஸ்தான் மணலை அதில் தூவிவிட்டுப் போனது. அந்த அம்மாள் தன் மேல் குற்றம் போல வருத்தப்பட்டார். மறு நாள் அவருக்கு ஒரு கூடை பீர்க்கங்காய் போனது. பதிலுக்கு மாங்காய் ஊறுகாய் இறங்கியது. பதினோரு வருடமாக இந்தப் பண்டமாற்று நடக்கிறது. இரு வீட்டு மாமியார்களுக்கும் பொது மொழி கிடையாது என்பது அதற்குத் தடையாக இருந்ததில்லை.

ஒரு நாள் ஒரு சுரைக்காயை வெட்டி நுனியில் கிள்ளி நாக்கில் வைத்த மனைவி அதை அப்படியே குப்பையில் போட்டார். வாடலும் வெயிலும் தாக்கிய கொடியில் சில சமயம் காய் கசந்துவிடும். கசப்புக்குக் காரணமான குகர்பிட்டசின் என்ற பொருள் நஞ்சு. 2010இல் தில்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த விஞ்ஞானி ஒருவர் இறந்தார். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழுவின் அறிவுரையும் இதுதான்: முதலில் ஒரு சிறு துண்டை ருசி பாருங்கள், கசந்தால் தொடாதீர்கள். நறுக்கும்போது நுனியைத் தின்று பார்க்கும் பாட்டிகளின் பழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

ஜூன் மாதம் கணவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். விடுப்புப் பாக்கியைத் தீர்க்க வீட்டில் இருந்தவருக்கு வேறு வேலை இல்லை. விதை, எரு, மூங்கில், கயிறு ஒரு பக்கம். காய்கள் மறு பக்கம், மார்க்கெட் விலையில். சுரை 31, பீர்க்கு 64, வெண்டை ஏறக்குறைய ஏழு கிலோ, தண்டுக்கீரை எண்ணிக்கையில்லை. கூட்டிப் பார்த்ததில் பெரிய லாபம் ஒன்றும் தேறவில்லை. பாதிக் காய் பிளாக்கில் உள்ள மற்ற வீடுகளுக்குப் போயிருந்தது. மலை மந்திருக்குப் போகும் வழியில் இறங்கும் உறவினர்களுக்கும் பங்கு. கொடுத்ததை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மனைவியைக் கேட்டார். "அது வேறு செக்‌ஷன்" என்றார் மனைவி.

ஜூன் 29 அன்று ஏழாவது சம்பளக் கமிஷன் சிபாரிசுகளை மத்திய அமைச்சரவை ஏற்றது. மறு நாள் கணவர் ஓய்வு பெற்றார். சால்வை, சுவர்க் கடிகாரம், சமோசா. பென்ஷன் எவ்வளவு கூடும் என்று அன்றிரவு அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, மனைவியின் கணக்கு வேறாக இருந்தது. விதைக்காக விட்ட ஒரே ஒரு சுரைக்காய் பந்தலில் தொங்கியது. மற்றப் பூக்களின் மகரந்தம் கலந்துவிடாமல் இருக்க, பெண் பூவை மலரும் முன்பே நூலால் கட்டி வைத்து, தானே மகரந்தம் தடவி, மீண்டும் கட்டி உண்டான காய். ஓடு இறுகி, குலுக்கினால் விதை உள்ளே சலசலக்க வேண்டும். அதற்கு இன்னும் ஒன்றரை மாதமாவது ஆகும்.

தோட்டத்தை அடுத்து வருபவர்களிடம் ஒப்படைப்பது அவர் திட்டம். எந்தக் குழியில் எரு இருக்கிறது, கறிவேப்பிலையைக் குளிரில் வெட்டக்கூடாது என்றெல்லாம் மகளை விட்டு இந்தியில் எழுதி வைத்திருந்தார்.

ஜூலை 5 அன்று அமைச்சரவை வேறொரு முடிவு எடுத்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது. சுமார் 13,000 வீடுகள் இருந்த இடத்தில் 25,000க்கும் மேற்பட்ட வீடுகள். வீட்டுக்காகப் பல வருடம் காத்திருக்கும் ஊழியர்களின் பட்டியலைப் பார்த்தால் முடிவில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டடுக்கு வீட்டுக்கு இவ்வளவு நிலமா என்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைக் கணவர் பேப்பரிலிருந்து உரக்கப் படித்தார். மனைவி எழுதி வைத்த தாளை மடித்துப் பெட்டியில் போட்டார். அன்று மாலை மகள் மட்டும் தண்ணீர் ஊற்றினாள்.

மறு நாள் காலை மாமியார்தான் மண்வெட்டி கேட்டார். கறிவேப்பிலையின் வேரிலிருந்து பக்கத்தில் கன்றுகள் கிளம்பும். மழைக்காலம்தான் அவற்றைப் பெயர்க்கச் சரியான சமயம். கணவர் தோண்டினார். அந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடத்தில் முதல் முறையாக மண்வெட்டி பிடித்தவர், இரண்டு கன்றுகளின் வேரை வெட்டிவிட்டுத் திட்டு வாங்கினார். ஒன்பது பிழைத்தன. பழைய டால்டா டின்களில் அவை ஜனக்புரி, ஆர்.கே. புரம், லோதி காலனி என்று பிரிந்து போயின. ஒன்று மாடிவீட்டு அம்மாளுக்கு. அவர் வீட்டுக்காரருக்கு இன்னும் இரண்டு வருட சர்வீஸ் பாக்கி. அவர்களும் வேறு குவார்ட்டர்ஸுக்குப் போக வேண்டியதுதான் என்றாலும், டின்னைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

சுரைக்காய் செப்டம்பரில் காய்ந்தது. அதற்காகவே வீடு மாறுவது ஒரு மாதம் தள்ளிப்போனது என்பதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பெயின்ட் காயவில்லை என்று உறவினர்களிடம் சொல்லப்பட்டது. உடைத்தபோது முந்நூறு விதைக்கு மேல் இருந்தது. சாம்பலில் புரட்டிக் காகிதப் பொட்டலங்களில் கட்டியவர் கணவர். ஒவ்வொன்றின் மேலும் பெயர், தேதி, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்திட்டார். பழக்கதோஷம்.

அதற்குப் பிறகு அந்தப் பகுதிக் குடியிருப்புகள் கட்டம் கட்டமாக விழுந்தன. 2018 ஜூனில் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சரோஜினி நகரில் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துப் போராடினார்கள். தில்லி உயர் நீதிமன்றம் வெட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போது செய்திகளில் எல்லாம் வேம்பும் நாவலும் அரசும் இடம்பெற்றன. சுரைப் பந்தல்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. சர்க்கார் பதிவேட்டில் அவை ஏறியதே இல்லையே.

துவாரகாவில் ஆறாவது மாடி பால்கனி தெற்குப் பார்த்தது. முதல் கோடையில் இரண்டு தொட்டிகளில் போட்ட சுரை கம்பித் தடுப்பைப் பற்றி ஏறி, ஐந்தாவது மாடிக்காரர் வீட்டு ஜன்னலில் இறங்கிக் காய்த்தது. புகார் வரும் என்று கணவர் எதிர்பார்த்தார். வந்தது புகார் அல்ல; அடுத்த வருடத்துக்கு விதை கிடைக்குமா என்ற கேள்வி. மூன்று நான்கு வருடம் கிடந்தால் சுரை விதையின் முளைப்பு குறைந்துவிடும். எங்காவது, யாராவது அதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கணவர் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். நோட்டில் பதிவு செய்யவில்லை.