இளைஞர் நீதிக் குழுமக் காவலில் உள்ள சிறாருக்கு எச்.ஐ.வி. தடுப்புச் சேவை கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் பெற்றோர் சங்கம்,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், விருதுநகர்.

நகல்:
1. இளைஞர் நீதிக் குழுமம்
2. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்
3. திட்ட இயக்குநர், தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், சென்னை

பொருள்: கூர்நோக்கு இல்லச் சிறாருக்கு எச்.ஐ.வி. தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை – உறுதி செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் விடியுமுன் கிளம்பிப் போகும் பெற்றோர் நாங்கள். எங்கள் தெருப் பிள்ளைகளில் சிலர் படிப்பை விட்டு, கூடாத சகவாசத்தில் சிக்கி, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்கிறார்கள். அவர்கள் மீதான புகாரைக் குழுமம் விசாரிக்கட்டும். காவலில் இருக்கும் நாட்களில் அவர்களின் உடல்நலம் அரசின் பொறுப்பு.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017-இன் 31ஆம் பிரிவு, அரசின் பராமரிப்பிலோ காவலிலோ உள்ள ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சைச் சேவைகளை உரிமையாக்குகிறது.

அதே 2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது தங்களுக்குத் தெரியும். கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது அப்போது தெரியாது. தெரிந்ததும் தாமே முன்வந்து தகவல் சொன்னார்; சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். முறையான ஆலோசனையும் உரிய நேரத்தில் சொல்லப்படும் பரிசோதனை முடிவும் எத்தனை உயிரைக் காக்கும் என்பதை எங்கள் ஊர் இழந்து கற்றது.

போதை ஊசி, ஒரே ஊசியில் பலருக்குப் பச்சை குத்துதல், பாலியல் வன்கொடுமை ஆகியவை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நேரும் ஆபத்துகள். இவற்றைப் பேச வீட்டில் கூச்சம், பள்ளியோ விட்டுப்போயிற்று. கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் காலமே இவற்றை அவர்களிடம் எடுத்துச் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு.

எனவே நாங்கள் கோருவது:

1. எங்கள் மாவட்டச் சிறார் எந்த ஊர் இல்லத்தில் வைக்கப்பட்டாலும், எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் மாதந்தோறும் சென்று அவர்கள் வயதுக்கேற்ற மொழியில் பேச வேண்டும்.

2. ஒப்புதலின்றி யாரையும் பரிசோதிக்கக் கூடாது. பெற்றோர் ஒரு நாள் கூலியை இழந்து வெளியூர் அலையாதபடி, உள்ளூர் நம்பிக்கை மையத்திலேயே அவர்களுக்கு விளக்கி ஒப்புதல் பெற வேண்டும்.

3. முடிவு எதுவானாலும் ஆலோசனையுடன் சிறுவனிடம் தெரிவிக்கப்பட வேண்டும். அது காவலர், சமையலர், சக சிறார் எவர் காதுக்கும் போகக் கூடாது. தொற்றுள்ளவரைத் தனி அறையில், தனித் தட்டில் ஒதுக்கக் கூடாது.

4. வன்கொடுமைக்கு ஆளானவருக்குத் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் தர வேண்டும். போக்சோ சட்டப்படி உடனே புகார் பதிய வேண்டும்.

5. சவர பிளேடும் முடிவெட்டும் பிளேடும் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்பட வேண்டும். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தர வேண்டும்.

6. தொற்றுள்ள சிறுவனுக்கு விடுதலைக்குப் பின் எச்.ஐ.வி. சிகிச்சைக்கான ஏ.ஆர்.டி. மாத்திரை ஒரு நாளும் தடைபடாதிருக்க, நன்னடத்தை அலுவலர் அவனைச் சொந்த ஊருக்கு அருகிலுள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் சேர்த்துவிட வேண்டும்.

ஆலோசகர்கள், இலவச மருந்து, சட்டம் மூன்றும் ஏற்கெனவே உள்ளன. இல்லங்களையும் நம்பிக்கை மையங்களையும் இணைக்கும் ஆணையை 30 நாட்களுக்குள் பிறப்பித்து, துறை அலுவலர்களுடன் எங்கள் பிரதிநிதிகளும் அமரும் கூட்டத்தைக் கூட்டித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
இடம்: சாத்தூர்