நூறு ரூபாய்க்குப் பெட்ரோல்

சென்ற தவக்காலத்தில் ஓர் இரவு, இரண்டு மணியளவில், நம் பங்கு இல்லத்தின் தொலைபேசி ஒலித்தது. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு முடித்து இருசக்கர வண்டியில் திரும்பிய நம் பங்கு இளைஞர் ஒருவர், மேம்பாலத்தின் இறக்கத்தில் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதி விழுந்து கிடக்கிறார் என்பது செய்தி. மருத்துவமனைக்கு விரைந்தோம். இறையருளால் உயிருக்குத் தீங்கில்லை. வலக்கால் எலும்பு முறிந்திருந்தது. மூன்றாம் நாள் அவர் தலைமாட்டில் அமர்ந்து, "தம்பி, அவ்வளவு பெரிய லாரி கண்ணில் படவில்லையா?" என வினவினோம். "விளக்கு எரியவில்லை, சாமி. இறக்கத்தில் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிடுவது வழக்கம். மாதக் கடைசி; பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும்" என்றார்.

அவ்விடை நம்மை உறங்கவிடவில்லை. அதன் பின்னர் பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போதெல்லாம் பிறர் கேட்பதைக் கவனிக்கலானோம். "இத்தனை லிட்டர்" என்று கேட்பவர் அரியர். "நூறு ரூபாய்க்குப் போடுங்கள்", "ஐம்பதுக்குப் போதும்" என்பதே பேச்சு. லிட்டர் எவ்வளவு வேண்டும் என்பதை வண்டி அறியும். எவ்வளவு முடியும் என்பதைச் சட்டைப்பை அல்லவா அறியும்! 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைக்கப்பட்ட பின்னரும் சென்னையில் விலை 100 ரூபாய் 75 காசாக இருந்தது. ஆக, நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டரும் நிறைவதில்லை.

இதே விலையை வேற்று நாடுகளோடு ஒப்பிட்டால் வியப்பு மேலிடுகிறது. அதே 2024-ஆம் ஆண்டில் குவைத்தில் சாதாரணப் பெட்ரோல் லிட்டர் 85 ஃபில்ஸ், அதாவது நம் பணத்தில் 25 ரூபாய்க்கும் குறைவு. அமெரிக்காவில் 70 ரூபாய்க்குச் சற்று மேல். நார்வேயிலோ 150 ரூபாயைத் தாண்டும். ஹாங்காங்கில் 250 ரூபாயையும் தாண்டும். அப்படியானால் நாம் நடுவில் நிற்கிறோம், குறைகூற என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பர். ஆனால் பெட்ரோலுக்கு உண்மை விலை உழைப்பின் நேரமே என்பது நம் கருத்து. அமெரிக்க நடுவண் அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். அக்கூலி பெறும் தொழிலாளி ஏறக்குறைய ஏழு நிமிட உழைப்பில் ஒரு லிட்டரை ஈட்டுகிறார். எட்டு மணி நேரத்திற்கு 500 ரூபாய் கூலி பெறும் நம் ஒப்பந்தத் தொழிலாளி அதே லிட்டருக்கு ஒன்றரை மணி நேரத்திற்கும் மேல் உழைத்தாக வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படும் காரே கப்பலேறி அயல்நாடு செல்கிறது. அதைச் செய்த கைகளுக்கு உரியவரோ இறக்கத்தில் இஞ்சினை அணைக்கிறார்.

விலை மலிந்த நாட்டில் பழக்கமும் மாறுகிறது. குவைத்தில் பல்லாண்டுகள் ஓட்டுநராயிருந்து திரும்பிய நம் பங்கு முதியவர் ஒருவர், முதலாளி கடைக்குள் சென்று வரும்வரை அரைமணி நேரமானாலும் இஞ்சினை அணைக்காமல் குளிர்சாதனத்தை ஓடவிடுவதே அங்குத் தம் வேலை என்று சொல்லிச் சிரிப்பார். இங்கு வந்தபின் சிக்னலில் பத்து விநாடி நின்றாலும் அவர் கை சாவிக்குப் போகிறது.

நார்வே தன் கடலடி எண்ணெயை உலகுக்கு விற்கும் நாடு. எனினும் தன் மக்களுக்குப் பெரும் வரி விதித்தே விற்கிறது. வரியோடு நில்லாமல் மாற்று வழியும் திறந்துவிட்டது. 2024-இல் அங்கு விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 88-க்கு மேல் மின்சாரக் கார்கள். இங்கு 2020 மே மாதத்தில், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்திருந்த வேளையில், லிட்டருக்கு மத்திய வரி 32 ரூபாய் 98 காசாக உயர்த்தப்பட்டது. 2022 மே மாதத்தில்தான் அது சுமார் 20 ரூபாயாகக் குறைந்தது. மாநில வரி தனி. வரியின்றி அரசு நடவாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் சொகுசுக் காரின் லிட்டருக்கும் தொழிலாளியின் பழைய வண்டியின் லிட்டருக்கும் ஒரே வரி என்பது நம் மனத்திற்கு ஒப்பவில்லை. காரை விட்டு இறங்கிப் பேருந்தில் ஏறுங்கள் என்று அறிவுரை கூறலாம். நள்ளிரவுக்குப் பின் வாலாஜாபாத் சாலையில் நின்று பார்த்தவர்க்கு அவ்வறிவுரை நாவில் எழாது. நிறுவனப் பேருந்தும் உட்கிராமம்வரை வருவதில்லை.

சிக்கனத்தை ஒரு தேசமே கைக்கொண்ட காலமும் உண்டு. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, மேற்கு ஜெர்மனி நான்கு ஞாயிறுகளில் கார் ஓட்டுவதைத் தடை செய்தது. முதல் ஞாயிறு நவம்பர் 25, கிறிஸ்து அரசர் பெருவிழா. பெருஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் சைக்கிளிலும் சென்றனர். 1974 ஜனவரியில் அமெரிக்கா எரிபொருளை மிச்சப்படுத்த நாடெங்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் என வேகத்திற்கு எல்லை வகுத்தது. முந்திய ஆண்டு சாலையில் மாண்டவர் சுமார் 54,000 பேர். அவ்வாண்டு சுமார் 45,000. மக்கள் பயணத்தைக் குறைத்ததும் ஒரு காரணமே. ஆயினும் பெட்ரோலுக்காகக் குறைத்த வேகம் எத்தனை தாய்மாரின் கண்ணீரைத் தடுத்தது!

அண்டையிலுள்ள இலங்கையில் 2022 ஜூனில் விலை லிட்டருக்கு 470 இலங்கை ரூபாயாயிற்று. நாட்கணக்கில் வரிசை நின்றது. பின்னர் அடையாளக் குறியீடு கொடுத்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் என்று அளந்து ஊற்றினர்.

நம் இளைஞரின் கணக்கிலும் ஒரு பிழை இருந்தது. பங்கிலுள்ள மெக்கானிக் ஒருவர் விளக்கினார்: 2020-க்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை எரிபொருளை ஊசிவழித் தெளிப்பவை. கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், இறக்கத்தில் வண்டி தானாகவே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். சாவியைத் திருப்பியதால் அவருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. போனது விளக்கும் காலும். உண்மையில் மிச்சம் தருவன சீரான நடுத்தர வேகமும் டயரில் சரியான காற்றுமே. கூட்டாளிகளுக்கும் இதைச் சொல்லுமாறு அவரைக் கேட்டுக்கொண்டோம்.

ஆகஸ்டில் அவர் ஊன்றுகோலின்றி நடந்து திருப்பலிக்கு வந்தார். வெளியே வந்ததும் நம் ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்து, பின்சக்கரத்தை விரலால் அமுக்கி, "சாமி, இதில் பாதிக் காற்றுகூட இல்லை" என்றார்.