வேதம் அறிவோம்: பெல்ஷாத்சார் என்றொரு ராஜா இருந்தானா?



மும்பை, பெங்களூரு, டில்லி போன்ற பட்டணங்களில் வளருகிற நம் பிள்ளைகளிடம், "உங்கள் வேதாகமத்தில் சரித்திரப் பிழைகள் உண்டே" என்று உடன் படிப்பவர்கள் கேட்பதுண்டு. பிள்ளைகள் அதே கேள்வியை வீட்டில் கேட்கும்போது, "சந்தேகப்படாதே, விசுவாசி" என்று வாயை அடைத்தால், அவர்கள் பதிலை வேறிடத்தில் தேடுவார்கள். ஆகையால் அத்தகைய குற்றச்சாட்டு ஒன்றை இம்மாதம் ஆராய்வோம்.

பாபிலோன் வீழ்ந்த இராத்திரியில் அங்கே விருந்து செய்த ராஜா பெல்ஷாத்சார் என்று தானியேல் 5ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆனால் பழைய சரித்திர நூல்கள் பாபிலோனின் கடைசி ராஜா நபோனிதஸ் என்றன. வேதாகமத்திலும் அதைச் சார்ந்த நூல்களிலும் அன்றி வேறெங்கும் பெல்ஷாத்சாரின் பெயர் காணப்படவில்லை. எனவே அவன் கற்பனைப் பாத்திரம் என்று 19ஆம் நூற்றாண்டில் சில அறிஞர்கள் எழுதினார்கள்.

1854ஆம் ஆண்டில், இன்றைய ஈராக்கின் தென்பகுதியிலுள்ள ஊர் என்னும் பழம்பட்டணத்தின் கோபுர இடிபாடுகளில், ஜே. ஜி. டெய்லர் என்பவர் களிமண் உருளைகளைக் கண்டெடுத்தார். அவற்றில் நபோனிதஸ் தனக்காகவும், பெல்ஷாத்சார் என்னும் தன் மூத்த குமாரனுக்காகவும் செய்த வேண்டுதல் ஆப்பெழுத்தில் பதிக்கப்பட்டிருந்தது! 1882இல் வெளியான பாபிலோனிய நாளாகமப் பலகை, ராஜா பல ஆண்டுகள் அரபு தேசத்துத் தேமாவில் தங்கியிருக்க, ராஜகுமாரன் பாபிலோனில் இருந்ததைக் கூறியது. 1924இல் வெளியான மற்றொரு பலகையோ, ராஜா தன் மூத்த குமாரனிடம் ராஜ்யபாரத்தையே ஒப்புவித்ததாகச் சொல்லுகிறது.

தானியேலுக்கு வாக்களிக்கப்பட்டது ஏன் மூன்றாம் இடம் என்பதையும் இப்போது விளங்கிக்கொள்ளலாம். தகப்பன் முதலாவது, குமாரன் இரண்டாவது என்றால், கொடுப்பதற்கு மீந்திருந்தது மூன்றாவது ஸ்தானமே.

இங்கே நாம் நேர்மையாய் இருக்கவேண்டும். இப்பலகைகள் பெல்ஷாத்சாருக்கு "ராஜா" என்ற பட்டத்தைக் கொடுக்கவில்லை, அதிகாரத்தையே குறிப்பிடுகின்றன. அதே அதிகாரத்தின் முடிவில் வருகிற மேதியனாகிய தரியு யார் என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமனம் இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பெயர் வேறு ஆவணங்களில் இல்லை என்பதே பிழைக்கு நிரூபணம் ஆகாது என்பதைப் பெல்ஷாத்சாரின் காரியம் போதிக்கிறது.

வேதத்தைக் காப்பதாக எண்ணி வதந்திகளைப் பரப்புகிறவர்களும் நம்மிடையே உண்டு. யோசுவாவின் நாளில் சூரியன் நின்றதை நாசா கணினி கண்டுபிடித்தது என்ற கதை அப்படிப்பட்டதே, அது உண்மையல்ல. சத்தியத்திற்குப் பொய்யின் துணை தேவையோ? அந்தக் கதை பொய் என்று நம் பிள்ளை அறியும் நாளில், நாம் சொன்ன மெய்யையும் அவன் சந்தேகிப்பான் அல்லவா?

பிரியமானவர்களே, உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று கட்டளையிடுகிற 1 பேதுரு 3:15, அதைச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் செய்யச் சொல்லுகிறது. இம்மாதம் ஒரு குடும்ப ஜெபவேளையில் தானியேல் 5ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு வாசியுங்கள். அவர்கள் கேட்கட்டும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைச் சேர்ந்து தேடுங்கள். கர்த்தர்தாமே உங்கள் வீட்டாரை வசனத்தில் நிலைநிறுத்துவாராக. ஆமென்.