யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார்?

குழந்தையோடு சேர்ந்து பார்க்க என்ன படம் போடலாம் என்று கேட்டால், "நல்ல குடும்பப் படமாப் போடுங்க" என்பார்கள். ரத்தம் இருக்காது, ஆபாசம் இருக்காது. சேலம், நாமக்கல் பக்கம் வீடுகளில் 'சின்னக் கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994) எல்லாம் இந்தப் பெயரில்தான் இன்றும் டிவியில் ஓடுகின்றன.

ஆறு வயது மகளோடு படம் பார்ப்பவன் நான். யாருடைய குடும்பம் இது என்பதுதான் என் கேள்வி. ஒரு படத்தின் தலைப்பே சாதிப் பட்டம். இன்னொன்றில், ஒருவரை ஊரை விட்டுத் தள்ளி வைப்பது நியாயத்தின் உச்சம். பெரிய வீட்டுத் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊரே கைகட்டி நிற்கும். கார்ட்டூனில் பூனை எலியை அடித்தால் அது விளையாட்டு என்று குழந்தைக்குத் தெரியும். இங்கே நடிப்பவர்கள் மனிதர்கள். தெரிவது நம் ஊர்த் தென்னந்தோப்பு, கேட்பது நம் ஊர்ப் பேச்சு. இதுதான் உலக வழக்கம் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும்.

இதே மண்ணில்தான் 2015 ஜூனில், திருச்செங்கோடு கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். யுவராஜ் உள்ளிட்ட 10 பேர் குற்றவாளிகள் என்று 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சினிமா பார்த்துத்தான் கொலை செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யார் யாரோடு பேசலாம் என்று தீர்ப்புச் சொல்ல ஒரு சாதிக்கு உரிமை உண்டு என்ற நினைப்பு ஒரே நாளில் முளைப்பதில்லை. கைகட்டி நிற்பதை அழகாகக் காட்டும் படங்களும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகின்றன.

தணிக்கைச் சான்றிதழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமே என்பார்கள். இப்போது யு/ஏ சான்றிதழிலேயே 7, 13, 16 என்று வயது பிரித்திருக்கிறார்கள்; நல்லதுதான். ஆனால் 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி தியேட்டரில் 'பத்து தல' பார்க்க டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே தடுத்தார்கள். வீடியோ பரவியதும், குழந்தைகள் இருந்தார்கள், படத்துக்கு யு/ஏ சான்றிதழ் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. பெற்றோர் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்பதுதான் யு/ஏ. குழந்தையைப் பாதுகாக்க வந்த எழுத்து, வாசலில் ஆள் பார்த்து வேலை செய்தது.

அப்படியென்றால் 'பரியேறும் பெருமாள்', 'மாமன்னன்' போடலாமா? தோழர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கோயில் குளத்தில் குளித்த சிறுவர்களைக் கல்லால் அடித்துக் கொல்வதை ஆறு வயதில் பார்க்க வேண்டாம். நம் பிள்ளை திரையில் தன்னை முதன்முதலாகப் பார்ப்பது அடி வாங்கும் உடலாக இருக்கக் கூடாது. சேலத்தைக் களமாகக் கொண்ட 'மாமன்னன்' காட்டும் நாற்காலியின் அரசியல் பதின்வயதில் வரட்டும்.

அதுவரைக்கும் 'காக்கா முட்டை' இருக்கிறது. குப்பத்துச் சிறுவர் இருவர் பீட்சாவுக்கு ஆசைப்படுகிறார்கள். உடையைப் பார்த்துத் துரத்துகிறார்கள். புதுத்துணியோடு போனாலும் அறை விழுகிறது. ஆனாலும் படம் முழுக்க அவர்களின் குறும்பும் மானமும்தான். கடைசியில், ஆயா சுட்ட தோசையே மேல் என்று தீர்ப்புச் சொல்வதும் அவர்களே. கொங்கு கிராமத்தில் வாடகை சைக்கிள் ஓட்டப் பழகும் சிறுவனின் கதையான 'குரங்கு பெடல்' (2024) இருக்கிறது. ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வைக்கப்பட்ட நம் தாத்தாக்களின் கதையைச் சொல்ல அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

எல்லாப் படத்தையும் தடுத்துவிட முடியாது. பாட்டி வீட்டில் 'நாட்டாமை' ஓடத்தான் செய்யும். அப்போது ரிமோட்டைப் பிடுங்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல யாரு உட்கார்ந்திருக்காங்க, யாரு நிக்கிறாங்க?" கேட்டுப் பழகிய பிள்ளை பள்ளிக்கூடத்திலும் அதைக் கேட்கும், டீக்கடையிலும் கேட்கும், கோயில் வாசலிலும் கேட்கும்.