டொராண்டோ கடுதாசி: வெறும் ஆறு புள்ளி நாலு

இந்த வாரம் சினிமாவும் இல்லை, அரசியலும் இல்லை. காலைல ஏழு மணிக்கு 401 நெடுஞ்சாலையில ஏறி, இருட்டினப்புறம் வீடு திரும்புற ரங்கமணிகளுக்கான பதிவு. தங்கமணிகளும் படிக்கலாம். படிச்சுட்டு வீட்ல சண்டை வந்தா நான் பொறுப்பில்லை :-)

நான் ஸ்கார்பரோவுல ஒரு பேஸ்மென்ட்ல குடியிருக்கேன். வீட்டுக்கார அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், வயசு 46. வாரநாள்ல ஒரு வேலை, சனி ஞாயிறு இன்னொரு வேலை. காலைச் சாப்பாடு கார்லயே ஒரு டபுள் டபுள் காபி, அதாவது ரெண்டு கிரீம், ரெண்டு சர்க்கரை. டாக்டர்கிட்ட போகச் சொன்னா, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி, பிறகேன் போவான்?" என்பார். அக்கா நச்சரிச்சு போன மாசம் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. வெறும் வயித்துல சர்க்கரை 6.4. மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். "ஊரிலை அண்ணருக்கு 130. எனக்கு வெறும் ஆறு!"

இங்கதான் விஷயமே இருக்கு. ஊர்ல மில்லிகிராம் கணக்கு, கனடாவுல மில்லிமோல் கணக்கு. கனடா எண்ணை 18-ஆல பெருக்கினா ஊர் எண் வரும். 6.4 என்பது 115. இங்க 6.1-லேர்ந்து 6.9 வரைக்கும் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். 7.0, அதாவது 126-ஐத் தொட்டா சர்க்கரை நோய். அண்ணை வாசப்படியில நிக்கிறார். வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சர்க்கரையும் பிரஷரும் கதவைத் தட்டிட்டு வர்ற விருந்தாளிங்க இல்லையே.

டொராண்டோ பக்கத்துல ஹாமில்டன்ல மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இருக்கு. அங்க சலீம் யூசுஃப்னு நம்ம பக்கத்து ஊர், கேரளாவுல பிறந்த மருத்துவர். அவர் தலைமையில 52 நாடுகள்ல நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல வெளியாச்சு. ஆண்களோட முதல் மாரடைப்பு அபாயத்துல சுமார் 90 சதவீதம் ஒன்பதே விஷயத்தோட தொடர்புடையது: புகை, கெட்ட கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, உடம்பு அசையாதது, குடிப் பழக்கம். 2007-ல அதே ஆய்விலேர்ந்து இன்னொரு செய்தி. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வர்ற சராசரி வயசு 53. மத்தவங்களுக்கு கிட்டத்தட்ட 59. டொராண்டோவுல 53 வயசுன்னா என்ன? வீட்டுக்கடன் முடிஞ்சிருக்காது, பிள்ளை யுனிவர்சிட்டியில இருக்கும்.

"நான் ஒல்லிதானே"ன்னு தப்பிக்க முடியாது. நம்மாளுங்களுக்கு எடை கம்மியா இருந்தாலும் கொழுப்பு வயித்துக்குள்ள போய் உக்காந்துக்கும். அதனால தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பளவு எல்லை 90 செ.மீ., சுமார் முப்பத்தஞ்சரை அங்குலம். டேப்பை வச்சு அளங்க. பேன்ட் சைஸைச் சொல்லாதீங்க, அதைத் தொப்பைக்குக் கீழ இறக்கிப் போடுறது எல்லாருக்கும் தெரியும்!

பேன்ட்னதும் ஞாபகம் வருது. 1953-ல லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்னு ஒரு மருத்துவர் டபுள் டெக்கர் பஸ்காரங்களை ஆராய்ஞ்சார். நாள் முழுக்க உக்காந்தே ஓட்டுற டிரைவரைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் குடுத்த கண்டக்டருக்கு மாரடைப்பு கம்மி. அப்புறம் சீருடை அளவைப் பார்த்தா டிரைவர்களுக்குத்தான் இடுப்பு பெருசு. பொட்டி தட்டுற நாம எல்லாருமே டிரைவர் ஜாதிதான்.

சரி, வாசப்படியிலேர்ந்து திரும்ப முடியுமா? முடியும். நம்ம சென்னையிலேயே காட்டியிருக்காங்க. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவோட ஆய்வு, 2006-ல வந்தது. இதே மாதிரி விளிம்புல இருந்தவங்களை மூணு வருஷம் கவனிச்சாங்க. சும்மா விட்டவங்கள்ல நூத்துக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துச்சு. தினம் அரை மணி நடை, சாப்பாட்டுல கட்டுப்பாடுன்னு இருந்தவங்கள்ல 39 பேருக்கு. முழுசா தப்பிக்க முடியலைதான். ஆனா நூத்துல அந்த 16 பேர் யார் வீட்டு அப்பாவா வேணாலும் இருக்கலாம்.

வேலையோட வேலையா செய்யக்கூடியது:

1. பனிக்காலத்துல மால்ல நடங்க. பர்ஸை வீட்ல வச்சிட்டுப் போனா இன்னும் நல்லது.
2. தட்டுல பாதி காய்கறி. சோறு கால்வாசி. கொத்து ரொட்டி மாசம் ஒரு தடவை.
3. காபியில சர்க்கரையை வாரம் ஒரு கரண்டியா குறைங்க.
4. சிகரெட்? விட்டுடுங்க. இதுல பேரம் கிடையாது.
5. பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் டெஸ்ட். 40 வயசுல கட்டாயம், நம்மாளுங்களுக்கு அதுக்கும் முன்னாடியே. குடும்ப டாக்டர் எழுதிக் குடுத்தா கொலஸ்ட்ராலுக்கு ஓஹிப்லேயே போயிடும். அம்பது தாண்டினவங்க குடல் புற்றுநோய்க்கான வீட்டுப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்க.

வர்ற சனிக்கிழமைக்குள்ள இடுப்பளவு, பிரஷர், சர்க்கரை, இந்த மூணு எண்ணையும் எழுதி பிரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க. கார் மைலேஜ் மனப்பாடமா சொல்ற ஆளுங்கதானே நாம?

டிஸ்கி: நான் படிக்கிறது சிவில் இன்ஜினியரிங். மாத்திரை மருந்து விஷயத்துக்கு உங்க டாக்டரைக் கேளுங்க. அடுத்த வாரம் வழக்கம்போல மொக்கை தொடரும்!