நாலு நிமிஷம் போதுமாமே!

எங்கள் ஏரியா ஜிம் வாசலில் புதுசாக ஒரு போர்டு: 'தினம் நாலே நிமிஷம். ஒரு மணி நேர சைக்கிளிங் பலன்!' பக்கத்தில், ஒரு சொட்டு வேர்வைகூட இல்லாமல் சைக்கிள் மிதித்தபடி சிரிக்கும் ஓர் அழகி. உள்ளே போய் விசாரித்தேன். 'ஜப்பான்லயே ப்ரூவ் பண்ணிட்டாங்க சார்... டபாட்டா!' என்றார் டிரெய்னர் தம்பி. எதை ப்ரூவ் பண்ணினார்கள் என்று கேட்டேன். பேக்கேஜ் ரேட் சொன்னார்.

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

இஸுமி டபாட்டா ஜப்பானிய விஞ்ஞானி. ஐஸ் ஸ்கேட்டிங் பந்தய வீரர்கள் செய்துவந்த ஒரு முரட்டுப் பயிற்சியை லேபில் அளந்து, 1996-ல் முடிவை வெளியிட்டார். நகராத சைக்கிளில் 20 விநாடி வெறித்தனமாக மிதி, 10 விநாடி ஓய்வு. இப்படி ஏழெட்டு ரவுண்டு. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ஒரு மணி நேரம் நிதானமாக மிதித்த கோஷ்டிக்குக் கொஞ்சமும் குறையாமல் இவர்களின் 'வி.ஓ.2 மேக்ஸ்' ஏறியிருந்தது. (உடம்பு ஒரு நிமிஷத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்கிற கணக்கு அது. ரெண்டாவது மாடி ஏறும்போது நமக்கெல்லாம் ஞாபகம் வருமே, அதே சமாசாரம்!)

இதுவரை சத்தியம். போர்டில் விட்டுப்போனது என்ன தெரியுமா? மிதித்தவர்கள் விளையாட்டில் ஊறிய காலேஜ் பையன்கள். மிதித்த வேகமோ, ஒருத்தரின் ஆக்சிஜன் உச்சத்தைத் தொடவைக்கும் உழைப்பைப்போல 1.7 மடங்கு. ஏழெட்டு ரவுண்டோடு நிறுத்தியதற்குக் காரணம் கருணை இல்லை. அதற்குமேல் கால் வரவில்லை. ஒவ்வொரு முறையும் முன்னால் 10 நிமிஷ வார்ம்-அப் வேறு. போதாததற்கு, வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேர சாதா சைக்கிளிங்கும் உண்டு. இப்ப கூட்டிச் சொல்லுங்கள், நாலு நிமிஷமா வருது?

பலன் கொடுத்தது அந்த வதை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் கடிகாரத்தை மட்டும் விற்கிறார்கள்.

எதிர்க் கட்சியையும் விடுவதற்கில்லை. ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் பளபள ஹெல்மெட்டோடு போகிறார்களே, அவர்களில் பலரும் வருஷக்கணக்கில் அதே தூரம், அதே வேகம், முடிவில் அதே பொங்கல்-வடை. 'என்னமோ ஸ்டாமினா ஏறவே மாட்டேங்குது சார்' என்று புலம்பல். எப்படி ஏறும்? நார்வேயின் ட்ரோன்ட்ஹைமில் ஓர் ஆராய்ச்சி, 2007-ல் வெளியானது. 40 இளைஞர்கள், 8 வாரம், வாரம் 3 நாள். நிதானமாக நெடுந்தூரம் ஓடியவர்களுக்கு வி.ஓ.2 மேக்ஸ் சொல்லிக்கொள்ளும்படி அசையவில்லை. 4 நிமிஷம் மூச்சிரைக்க ஓடி, 3 நிமிஷம் தளர்த்தி, இப்படி நாலு தடவை செய்தவர்களுக்கு 7 சதவிகிதம் ஏறியது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவும் கூடியிருந்தது. அது ஓட்டம்தான், சைக்கிள் இல்லை. ஆனால் இதயத்துக்குக் காலில் ஷூவா, பெடலா என்று தெரியவா போகிறது?

ஆகவே இன்டர்வல் வேண்டும். வாரம் ஒன்றிரண்டு நாள், அந்த நாலு நிமிஷக் கணக்கில், பேச முயன்றால் ரெண்டு வார்த்தைக்கு மேல் வராத அளவுக்கு மிதியுங்கள். வார்ம்-அப்போடு சேர்த்து அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். மற்ற நாட்களில் சாவகாசமாகப் போங்கள், வடையும் சாப்பிடுங்கள். பிரஷர், ஷுகர் இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம் பெடல்.

நான் கிளம்பும்போது, ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவரை சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் ஆபீஸ் டேக், முன்னால் சற்றே தொப்பை. 'இவருக்கு பி.பி. பார்த்தீங்களா தம்பி?' என்றேன்.

'அது இந்த பேக்கேஜ்ல வராது சார்' என்றபடி, தம்பி ஸ்டாப்வாட்சை அமுக்கினார்.